மாப்ளே, இன்னொரு காரும் வாங்கிப் போடும்!

மாப்ளே, நீரு ஏழு பேர் உக்கார்ற காரு வாங்கியிருக்கீருன்னு தங்கச்சி போன்லே சொன்னா. கேட்டதும் வயிறு குளுந்துபோச்சு. உம்ம வீட்டுலே மொத்தமே மூணு பேரு. அதுலே ஒண்ணுக்கு இன்னும் பல்லு முளைக்கலே. அது வண்டியேறுறது தடுப்பூசி போடுற அன்னைக்கு மட்டும். உம்ம வீட்டுக்காரிக்கு வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் வேலை. ஆக, தினமும் காலையிலே ஆறு சீட்டு சும்மா காத்து வாங்கிக்கிட்டுப் போகுது, ஏழாவது சீட்டுலே நீரு. ஏசிக்கும் குறைச்சல் இல்லே, பாட்டுக்கும் குறைச்சல் இல்லே. சென்னை வேளச்சேரியிலே கிளம்பினா உம்ம ஆபீசு இருக்கிற டைடல் பார்க் வர்றதுக்குள்ளே முழுக் கச்சேரி ஒண்ணு கேட்டு, மங்களமும் பாடி முடிச்சிரலாமாம். எனக்கு இந்தக் கொடுப்பினை இல்லாமப் போச்சே.

ஒரு யோசனை சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதேயும். இன்னொரு காரும் வாங்கிப் போடும். நிறுத்த இடமில்லையேன்னு தயங்க வேண்டாம், தெரு கிடக்கு. வேளச்சேரியிலே ஒரு காரு நிக்கிற இடத்தை வாடகைக்குக் கேட்டா வீட்டுக்காரன் என்ன கேப்பான்னு உமக்கே தெரியும். அதே அளவு இடத்தைத் தெருவுலே ராத்திரி பூரா சும்மா தர்றாக. அட்வான்ஸ் கிடையாது, பதினோரு மாச அக்ரிமென்ட் கிடையாது, ஆணி அடிக்காதேன்னு சொல்ல ஆளும் கிடையாது. பிளாட்பாரத்துலே பாதி டயரை ஏத்தி நிறுத்திட்டீருன்னா, நடந்து போற கிழவி சுத்திக்கிட்டு ரோட்டுலே இறங்கிப் போவா. போகட்டுமே. அவளுக்குத்தான் தேகப்பயிற்சி.

வீட்டுலே காத்தைச் சுத்தம் பண்ற பெட்டி ஒண்ணும் வாங்கி வச்சிருக்கீராமே? புத்திசாலி. வாசல்லே புகையை விட்டுட்டு உள்ளே வந்து அதை வடிகட்டிக் குடிக்கிறதுக்குப் படிச்சவனாலேதான் முடியும். காருக்குள்ளே கண்ணாடியை ஏத்திட்டா ஒண்ணும் வராதுன்னு வேற உமக்கு ஒரு நினைப்பு. சிக்னல்லே முன்னாலே நிக்கிற லாரியோட புகைக்குழாய்க்கும் உம்ம காரு மூக்குக்கும் நடுவுலே ரெண்டு முழம்தான் இருக்கும். ஏசி வெளிக்காத்தை இழுக்கிற மாதிரி வச்சிருந்தீருன்னா அம்புட்டும் உள்ளேதான் வரும். நிக்கையிலே உள்காத்தையே சுத்தவிடுற பொத்தானை அமுக்கும். ரொம்ப நேரம் அமுக்கியே வைக்காதேயும். நீரு விட்ட மூச்சையே நீரு இழுத்துக் கொட்டாவி விட்டுக்கிட்டு, பச்சை விழுந்தது தெரியாமத் தூங்கிருவீரு.

கண்டக்டர் வேலை பாத்த கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேப்பீரு. எம் பேத்தி கோயம்புத்தூர்லே பொது சுகாதாரம் படிக்கா. அவ வாயிலேயிருந்து வர்றதைத்தான் நான் மீசையைத் தடவிக்கிட்டுச் சொல்லுதேன்.

அவ சொல்லுறா: ஆளைக் கொல்றது கண்ணுக்குத் தெரியிற கரும்புகை மட்டும் இல்லே தாத்தா, தெரியாத தூசிதான்னு. 2.5 மைக்ரானுக்குள்ளே இருக்கிற பொடி, தலைமுடி கனத்துலே முப்பதுலே ஒரு பங்கு. மூக்கு மயிர் அதைப் பிடிக்காது, தொண்டைச் சளியும் பிடிக்காது. நேரா நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போய் உக்காந்துக்கிடும். அதுலேயும் ரொம்பப் பொடிசா உள்ளது ரத்தத்துலே கலந்துரும். அப்புறம் இழுப்பு மட்டுமில்லே, மாரடைப்பு, பக்கவாதம்னு வரிசையா வரும். டீசல் புகை புத்துநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே சொல்லியாச்சு. அந்த உலக சுகாதார நிறுவனமே 2021-லே, ஒரு கன மீட்டர் காத்துலே இந்தப் பொடி வருசச் சராசரியா 5 மைக்ரோகிராமுக்கு மேலே இருக்கக்கூடாதுன்னு எழுதி வச்சாக. நம்ம நாட்டு அளவு 40 வரைக்கும் பரவாயில்லேங்குது. மத்த உலகத்துக்காரகளை விட நம்ம நுரையீரல் எட்டு மடங்கு கெட்டின்னு யாரோ நிதானிச்சு முடிவு பண்ணியிருக்காக. எனக்குப் பெருமையா இருக்கு மாப்ளே.

எல்லாப் புகையும் வண்டிப் புகைதானான்னு நீரு மடக்குவீரு. இல்லேதான். மணலிப் பக்கம் ஆலைக இருக்கு, குப்பைமேடு பத்தி எரியிது, கட்டடம் கட்டுற தூசி பறக்குது, போகியன்னைக்கு நீரு எரிக்கிற பழைய டயரும் இருக்கு. ஆனா ஆலைப் புகை கூண்டு வழியா ஒசரத்துக்குப் போய்த்தான் கீழே இறங்கும். வண்டிப் புகை மூக்கு மட்டத்துலேயே வருது. உம்ம பையனைத் தள்ளுவண்டியிலே வச்சு உருட்டிக்கிட்டுப் போறீருல்ல, அவன் மூக்கு சரியா சைலன்சர் மட்டத்துலே இருக்கும். ஒரு நாள் குந்திப் பாரும், தெரியும்.

லண்டன்லே ஒரு பொம்பளைப் புள்ளை இருந்துச்சு, ஒன்பது வயசு. பெரிய ரோட்டுப் பக்கத்துலே வீடு. ஆஸ்துமா வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சு, 2013-லே செத்துப்போச்சு. தாய்க்காரி விடலே. எம் மகளைக் கொன்னது எதுன்னு எழுதுங்கன்னு வருசக்கணக்கா நின்னா. 2020 டிசம்பர்லே விசாரணை அதிகாரி, சாவுக்குக் காரணங்கள்லே ஒண்ணு காத்து மாசுன்னு எழுதினாரு. அந்த நாட்டுலே ஒரு மனுசரோட சாவுக் காரணத்துலே அப்படி எழுதினது அதுதான் முதல் தடவை. இதுலே கேலி பண்ண எனக்கு ஒண்ணும் இல்லே. அங்கே எழுதிட்டாக. நம்ம ஊர்லே 'மூச்சுத்திணறல்'னு எழுதி முடிச்சிருதாக, யாரு திணறடிச்சதுன்னு எழுதுறதில்லே.

சரி, உம்ம வழிக்கு வாரேன். நெரிசலுக்கு நீரு சொல்ற மருந்து என்ன? ரோட்டை அகலமாக்கணும், பாலம் கட்டணும். பேஷ். 1973-லே ஜெமினிகிட்டே சென்னையோட முதல் மேம்பாலத்தைத் திறந்தாக. எங்க ஊர்லேயிருந்து ரெண்டு பேரு அதைப் பாக்கிறதுக்குன்னே ரயிலேறிப் போனாக. அதுக்கப்புறம் எத்தனை பாலம்! உம்ம வேளச்சேரி விஜயநகர்லேயே ரெண்டடுக்குப் பாலம் நிக்கிது. நெரிசல் தீந்துச்சான்னா, ஒரு சிக்னல்லேயிருந்து அடுத்த சிக்னலுக்குக் குடிபோச்சு. மேலே ஏறி வேகமாப் போய் அங்கன சீக்கிரமா நிக்கலாம். அமெரிக்காவுலே ஹூஸ்டன்னு ஒரு ஊரு. கேட்டி ஃப்ரீவேன்னு ஒரு ரோட்டை அகலமாக்கி 2008-லே முடிச்சாக. பக்கச் சாலையையும் சேத்தா சில இடத்துலே 26 தடம். நம்ம ஊரையே படுக்கப்போட்டாலும் அகலம் காணாது. சில வருசத்துலே சாயந்தர நேரப் பயணம் முன்னைவிட மோசமாயிருச்சு. அமெரிக்க ஊர்களை வச்சே 2011-லே ரெண்டு பொருளாதார வாத்தியாருக கணக்குப் போட்டுட்டாக: ரோடு எத்தனை சதவீதம் கூடுதோ, அதுலே வண்டி ஓடுற தூரமும் ஏறக்குறைய அத்தனை சதவீதம் கூடிரும்னு. இடம் இருக்கேன்னு கிளம்பி வர்றவன் வந்துக்கிட்டேதான் இருப்பான். புகையும் அவனோடயே வரும்.

ஒத்தைப்படை, இரட்டைப்படைன்னு டெல்லியிலே 2016 ஜனவரியிலே ஒரு கூத்து நடந்துச்சு. நம்பர் ஒத்தையா இருந்தா ஒரு நாள், இரட்டையா இருந்தா மறுநாள். பதினஞ்சு நாள். ரெண்டு சக்கர வண்டிக்கு விலக்கு, பொம்பளை ஓட்டினா விலக்கு, இன்னும் பெரிய மனுசங்க பட்டியல் ஒண்ணுக்கு விலக்கு. இதே மாதிரி சங்கதியை மெக்ஸிகோ நகரத்துலே 1989-லேயே ஆரம்பிச்சு, வாரத்துலே ஒரு நாள் உன் வண்டி ஓடக்கூடாதுன்னாக. ஜனங்க என்ன செஞ்சாக? உம்ம மாதிரி விவரமானவக. அந்த ஒரு நாளுக்குன்னு பழைய ஓட்டை வண்டி ஒண்ணை வாங்கி வச்சுக்கிட்டாக. பின்னாலே ஆராஞ்சு பாத்தா காத்து சுத்தமானதுக்கு அடையாளமே இல்லே, வண்டிதான் கூடியிருந்துச்சு. அதுனாலேதான் சொல்லுதேன், ரெண்டாவது காரு வாங்கையிலே, முதல் வண்டி ஒத்தைப்படைன்னா இரட்டைப்படை நம்பராப் பாத்து வாங்கும். நம்ம ஊருக்கும் அந்தக் கூத்து வந்தா நீரு ஜெயிச்சீரு.

இனி நிசத்துக்கு வாரேன். நம்ம ஊர்க் கம்மாய்த் தண்ணி பொதுத் தண்ணி. பொதுங்கிறதுக்காக ஆளாளுக்கு மடையைத் திறந்துர முடியுமா? நீர்ப்பாய்ச்சின்னு ஒருத்தன் இருந்தான். யாரு வயலுக்கு எப்ப, எம்புட்டு நேரம்னு அவன் வச்சதுதான் முறை. அதுக்கு அவனுக்குக் களத்துலே நெல்லு அளந்தாக. அவன் இல்லேன்னா மேமடைக்காரன் வாழை போட்டுருவான், கடைமடைக்காரன் வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பான். பட்டணத்து ரோட்டுக்கு நீர்ப்பாய்ச்சி இல்லே மாப்ளே. ஏழு சீட்டு வண்டியிலே ஒத்தை ஆளாப் போற நீரு மேமடை. உமக்குப் பின்னாலே அறுபது பேரைத் தூக்கிக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கிற பஸ் கடைமடை.

சில ஊர்க்காரக நீர்ப்பாய்ச்சியை வச்சுட்டாக. முதல்லே வச்சவக சிங்கப்பூர்க்காரக. நெரிசல் நேரத்துலே நகர நடுவுக்குள்ளே காரோட வந்தா காசுன்னு 1975-லேயே சட்டம் போட்டாக. முதல்லே கண்ணாடியிலே ஒட்டுற சீட்டு. 1998-லே அதுவே எலக்ட்ரானிக் ஆகி, வளைவுக்குக் கீழே போகையிலே தானா காசு கழியிற மாதிரி வந்துச்சு. லண்டன்லே 2003 பிப்ரவரி 17-லே தொடங்கினாக. உள்ளே வந்தா நாளுக்கு 5 பவுண்டு. 2020-லே அதை 15 ஆக்கினாக. முதல் வருசத்துலேயே உள்ளே வர்ற வண்டி சுமார் 18 சதவீதம் குறைஞ்சுச்சு. போகப்போக நெரிசல் திரும்பி வந்துச்சுங்கிறதையும் நான் மறைக்கலே. அதுக்கு மேலே, புகை கக்குற பழைய வண்டியா இருந்தா தனிக் காசுன்னு 2019-லே இன்னொரு வேலியும் போட்டாக. 2023-லே அதை ஊர் எல்லை வரைக்கும் நீட்டினப்ப சில பேரு ராத்திரியோட ராத்திரியா கேமராவை அறுத்துப் போட்டுட்டுப் போனாக. அங்கேயும் நம்ம ஆளுக மாதிரிதான்.

எனக்குப் பிடிச்சது ஸ்வீடன்லே ஸ்டாக்ஹோம் பண்ணின வேலை. அவுக நம்மளைவிடக் கள்ளனுக. சுங்கம் போடப்போறோம்னு சொன்னதும் ஊரே வேண்டாம்னுச்சு, பேப்பர்க்காரக கிழிச்சுத் தொங்கவிட்டாக. அதிகாரிக எதுத்துப் பேசலே. சும்மா ஏழு மாசம் ஓட்டிப் பாப்போம், பிடிக்கலேன்னா எடுத்துருவோம்னாக. அதுக்கு முன்னாலே இன்னொரு காரியம் செஞ்சாக, அதுதான் சூட்சுமம். 2005 ஆகஸ்ட்லேயே புது பஸ்ஸுகளை வாங்கி, 16 புதுத் தடம் விட்டுட்டாக. பஸ் வந்து நிலையா ஓட ஆரம்பிச்ச பிறகு, 2006 ஜனவரியிலேதான் சுங்கம். மறுநாளே ஊருக்குள்ளே போக்குவரத்து குறைஞ்சு போச்சு. எல்லையைத் தாண்டுற வண்டி ஏறக்குறைய அஞ்சுலே ஒண்ணு காணாமப் போயிருச்சு. ஜூலையிலே சுங்கத்தை எடுத்துட்டாக. நெரிசல் திரும்பி வந்து உக்காந்துக்கிடுச்சு. ருசி கண்டவக சும்மா இருப்பாகளா? செப்டம்பர்லே ஓட்டெடுப்பு வச்சப்ப நகரத்து ஜனங்கள்லே பாதிக்கு மேலே 'சுங்கம் இருக்கட்டும்'னு குத்தினாக. சுத்தியுள்ள பல ஊருக வேண்டாம்னுச்சு. தினமும் காரிலே உள்ளே வர்றவக அவுகதானே. 2007 ஆகஸ்ட்லேயிருந்து நிரந்தரம்.

பேத்தி என்னைப் பிடிச்சு உக்காரவச்சுச் சொன்னது இதுக்கு அடுத்த சங்கதி. அங்கே காத்து மாசு குறைஞ்சது என்னமோ 5 முதல் 15 சதவீதம்தான். ஆனா அஞ்சு வயசு வரைக்குமுள்ள புள்ளைகளுக்கு வர்ற கடுமையான ஆஸ்துமா இழுப்பு, வருசம் போகப்போக கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சதுன்னு ஆராய்ச்சி பண்ணினவக எழுதியிருக்காக. ஒரே நாள்லே இல்லே, மெதுவா. நுரையீரலுக்கு ஆறுறதுக்கு நேரம் வேணும்லா. காரை நிறுத்தச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதின மாதிரி ஆயிருச்சுல்ல இது?

ஏழை மேலே வரி போடச் சொல்லுதீரே மாமான்னு இப்ப உமக்கு ஏழை ஞாபகம் வரும். பதினாலு லட்ச ரூவா வண்டிக்குள்ளே உக்காந்தா ஏழை ஞாபகம் நல்லாவே வரும். ஏழை எங்கே நிக்கான்னு கண்ணாடி வழியாப் பாரும். பஸ் ஸ்டாப்புலே நிக்கான், சிக்னல்லே பூ விக்கா, ரோட்டோரம் பஜ்ஜி போடுதான், நடு ரோட்டுலே வெள்ளைச் சட்டை போட்டுக் கை காட்டிக்கிட்டு நிக்கான். உம்ம புகையை உம்மளைவிட அதிகமாக் குடிக்கிறவன் அவன். அதுக்கு அவனுக்கு ரசீதும் இல்லே, வரிவிலக்கும் இல்லே. ஒரு விசயத்துலே மட்டும் நீரு சொல்றது சரி. ரெண்டு சக்கர வண்டியிலே பொண்டாட்டி புள்ளையைத் தொங்கவிட்டுக்கிட்டுப் போறவன் பகட்டுக்குப் போகலே, பஸ் இல்லாமப் போறான். அவன்கிட்டே முதல்லே சுங்கம் கேட்டா அது அக்கிரமம். பஸ்ஸைக் கொடுத்துட்டுத்தான் காசு கேக்கணும். ஸ்டாக்ஹோம்காரனோட வரிசை அதுதான், அதை மாத்தினா ஊரு எரியும்.

பஸ்ஸுன்னதும் எனக்குப் பேச்சு நீளும், பொறுத்துக்கிடும். உம்ம ஊர்லே கோடி ஜனம் இருக்கு. மாநகர பஸ் மூவாயிரத்துச் சொச்சம். லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தா நல்லாருக்கும்னு மத்திய நகர்ப்புற அமைச்சகத்தோட அளவுகோல் சொல்லுது. பெருக்கிப் பாத்தா பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கு. மிச்சப் பஸ்ஸெல்லாம் காரா, பைக்கா வேஷம் மாறி ரோட்டுலே நிக்கிது. 2021 மே மாசத்துலேயிருந்து சாதாரண டவுன் பஸ்ஸிலே பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது. 'ஓசி'ன்னு நீரு உதட்டைச் சுழிச்சீருன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பொம்பளைக ஆளுக்கொரு ஸ்கூட்டர் எடுத்திருந்தா உம்ம கச்சேரி இன்னும் ரெண்டு ராகம் நீண்டிருக்கும். உமக்கு வழி விட்டுட்டுப் போறவகளைப் பாத்துக் கும்பிடாம ஓசிங்கிறீரு.

ஒரு பஸ் ரோட்டுலே மூணு காரு நீளத்தைத்தான் அடைக்கும். அதுலே உள்ள அறுபது பேரும் உம்மளை மாதிரி ஆளுக்கொரு காரிலே வந்தா, வேளச்சேரி வரிசை விஜயநகரைத் தாண்டி கால் மைலுக்கு நிக்கும். அறுபது பேரு போற வண்டியும் ஒத்தை ஆளு போற வண்டியும் ஒரே வரிசையிலே நிக்கிறதுதான் சமத்துவம்னு யாரு சொல்லிக்கொடுத்தாக? பெரிய ரோடுகள்லே பஸ்ஸுக்குன்னு ஒரு தடத்தை ஒதுக்கி, அதுலே வேற சக்கரம் ஏறினா காசைப் பிடுங்கணும். நீரு நகராம நிக்கையிலே பக்கத்துலே பஸ் சொய்ங்னு போகணும். அதைப் பாத்து உமக்கு வயிறு எரியணும். அந்த எரிச்சல்தான் உம்மளை பஸ்ஸிலே ஏத்தும், நான் சொன்னா ஏறவா போறீரு?

என் பஸ்ஸும் யோக்கியன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். லண்டன்லே ஆக்ஸ்ஃபோர்டு தெருவுலே அப்ப பஸ்ஸும் டாக்ஸியும் மட்டும்தான் ஓடும், எல்லாம் டீசல். ஆஸ்துமா உள்ள 60 பேரை ஒரு நாள் அந்தத் தெருவுலேயும் இன்னொரு நாள் ஹைடு பார்க்கிலேயும் 2 மணி நேரம் நடக்கவிட்டு ஊதச் சொல்லிப் பாத்தாக. தெருவுலே நடந்த அன்னைக்கு மூச்சுப் பலம் கூடுதலாக் குறைஞ்சிருந்துச்சு. 2007-லே அது வெளியாச்சு. அதுனாலே பஸ் கூடணும், புகையில்லாத பஸ்ஸாக் கூடணும். 2025 ஜூன் கடைசியிலே வியாசர்பாடி டிப்போவிலேயிருந்து 120 எலக்ட்ரிக் பஸ் கிளம்பிச்சு. நல்ல காரியம். நானும் எலக்ட்ரிக் காரு வாங்கிட்டா பாவம் தீந்துருமான்னு கேக்காதேயும். குழாய்ப் புகை நிக்கும். டயர் தேயிற பொடியும் ரோட்டுத் தூசியும் அப்படியேதான் கிளம்பும். புகையில்லாம நின்னாலும் நெரிசல் நெரிசல்தான்.

பஸ்ஸைப் பத்தி இன்னொரு பெருமை சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. 1953-லே லண்டன்லே ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர், மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு எழுதினாரு. ஒரே பஸ், ஒரே தெரு. உக்காந்தே ஓட்டுறவனுக்கு மாரடைப்பு அதிகம். மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்கிறவனுக்குக் குறைவு. நாள் முழுக்க நடந்தா நெஞ்சுக்கு நல்லதுன்னு உலகம் தெரிஞ்சுக்கிட்டது எங்க சாதிக் கண்டக்டர்களாலேதான். நீரு டிரைவர் சீட்டுலே ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு, அப்புறம் மாசக் காசு கட்டி ஜிம்முலே போய் நகராத சைக்கிளை மிதிக்கிறீரு. அந்த ஜிம்முக்கும் காரிலே போறீருன்னு தங்கச்சி சொன்னா. நான் நம்பலே.

நிக்கிற வண்டிப் புகையைப் பத்தியும் ஒரு சங்கதி இருக்கு. அமெரிக்காவுலே நியூ ஜெர்சியிலேயும் பென்சில்வேனியாவிலேயும், சுங்கச்சாவடியிலே நிக்காமலே காசு கழியிற முறை வந்துச்சு, நம்ம ஃபாஸ்டாக் மாதிரி. சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள்ளே குடியிருந்த தாய்மாருக்குக் குறைமாசப் பிரசவமும் எடை குறைஞ்ச புள்ளையும் சுமார் 11, 12 சதவீதம் குறைஞ்சு போச்சாம். யாரும் வண்டியை விக்கலே, வரிசையிலே நின்னு உறுமுறது மட்டும் நின்னுச்சு. நீண்ட சிக்னல்லே எஞ்சினை அணைச்சு வச்சா கௌரவம் குறையாது மாப்ளே. சிக்னலை நேரம் பாத்துச் சீராக்குறது அதிகாரிக பொறுப்பு, சாவியைத் திருப்புறது உம்ம பொறுப்பு.

உமக்கு மட்டும் தனியா ஒரு கேள்வி வச்சிருக்கேன். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்தது 2007 நவம்பர்லே. ஏறினா மூணாவது ஸ்டேஷன் திருவான்மியூர், இறங்கினா டைடல் பார்க். டிக்கெட் அஞ்சு ரூவா. ஏன் ஏறலேன்னு கேட்டா, ஸ்டேஷன் இருட்டா இருக்கு, அங்கேயிருந்து ஆபீசுக்கு நடக்கப் பிளாட்பாரம் இல்லேங்கிறீரு. நியாயம்தான். அந்தப் பிளாட்பாரம் எங்கே போச்சு? கொஞ்சத்தை ரோடு தின்னுச்சு, கொஞ்சத்துலே மின்பெட்டி நிக்கிது, மிச்சத்துலே உம்ம மாதிரி ஒருத்தர் காரை ஏத்தி நிறுத்தியிருக்காரு. தி.நகர் பாண்டி பஜார்லே 2019 நவம்பர்லே காருக்கான இடத்தை வெட்டி நடைபாதையை அகலமாக்கினாக. வியாபாரம் படுத்துரும்னு பயந்தவக உண்டு. இப்ப போய்ப் பாரும், கிழவன் கிழவி பெஞ்சுலே உக்காந்து வேடிக்கை பாக்காக, புள்ளைக ஓடுது. நடக்க இடம் விட்டா ஜனம் நடக்கும். இதை உலகத்துலே யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டியதே இல்லே.

காரை வித்துருன்னு நான் சொல்லலே. அம்மாவைக் கூட்டிக்கிட்டுத் திருச்செந்தூருக்கு வாரும், ஏழு சீட்டும் நிறையட்டும், டீசல் நான் போடுதேன். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு மட்டும் போயிட்டு வாரும். ஸ்டேஷனுக்கு விளக்கும் வாசல்லேயிருந்து பிளாட்பாரமும் கேளும். பஸ்ஸுக்குத் தனித் தடம் கேளும். தெருவுலே காரு நிறுத்தக் காசு வாங்கச் சொல்லி எல்லாருக்கும் முன்னாலே நீரே எந்திரிச்சுப் பேசும். கார்க்காரன் வாயிலேயிருந்து வந்தாத்தான் கவுன்சிலர் காதுலே ஏறும். அப்புறம் ஒரே ஒரு மாசத்துக்கு ரயில் சீசன் டிக்கெட் எடும். காரு தவணை கட்டினதுலே கையிலே காசு இல்லேன்னா கூச்சப்படாமச் சொல்லும், என் பென்சன்லேயிருந்து அனுப்பி வைக்கேன்.